தரவுத்தளத்தின் லாக் கோப்புகளை அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில், சிறு நிறுவனங்கள் தங்கள் கணினிகளைப் பராமரிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கடவுச்சொல் பற்றியும் வைரஸ் பற்றியும் அதில் இருந்தவை சரிதான். ஆனால் நடுவே இரண்டு யோசனைகள் இருந்தன. வட்டு நிரம்பிவிட்டால் தரவுத்தளத்தின் பழைய லாக் கோப்புகளை அழித்து இடம் பிடிக்கலாம் என்பது ஒன்று. இன்னொரு சர்வர் வாங்கி ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரில் எழுதுவதை மற்றதிலும் தானாக எழுதும் ஏற்பாடு) போட்டுவிட்டால், முதல் சர்வர் விழுந்தாலும் அதே நொடி வரையிலான கணக்கு மற்றதில் இருக்கும் என்பது மற்றொன்று. முதல் யோசனைப்படி நடப்பவருக்கு இரண்டாவது யோசனை தரும் பாதுகாப்பும் போய்விடும். உங்கள் வாசகர்களில் கடை வைத்திருப்பவர்கள் பலர். அவர்களில் யாராவது அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொள்வதற்குள் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். கடை ஈரோட்டில், கிடங்கு கரூரில். பில் போடுவது இங்கே, பேல் கட்டி லாரியில் ஏற்றுவது அங்கே. இரண்டு இடத்திலும் மைசீக்வல் என்ற தரவுத்தள மென்பொருள். இங்கே எழுதுவதெல்லாம் பிராட்பேண்ட் வழியாக அங்கே போய்ச் சேரும்.

லாக் என்றதும், யார் எப்போது உள்ளே வந்தார், எந்தப் பிழை வந்தது என்று மென்பொருள் எழுதிவைக்கும் குறிப்புகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றை அழித்தால் பெரிதாக ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தரவுத்தளத்தின் லாக் முற்றிலும் வேறு. கணினி வருவதற்கு முன் எங்கள் கடையில் இருந்த கணக்குப்பிள்ளை ஐயா எந்த வரவு செலவையும் முதலில் சிட்டையில் எழுதுவார். மாலையில் சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றிய வரிக்கு எதிரே பேரேட்டின் பக்க எண்ணைப் போடுவார். எண் இல்லாத வரி இன்னும் ஏறாத வரி. நடுவில் யாராவது அழைத்து எழுந்து போனாலும், திரும்பி வந்து எங்கே தொடங்க வேண்டும் என்று அவர் யோசித்ததே இல்லை.

தரவுத்தளமும் அப்படியே. பில்லைச் சேமித்ததும் திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வருகிறதே, அந்த நொடியில் அந்தப் பில் தரவுக் கோப்பில் தனக்குரிய இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் அது இன்னும் நினைவகத்தில்தான் இருக்கும். லாகில் மட்டும் அந்த மாற்றம் எழுதப்பட்டு வட்டில் உறுதியாகியிருக்கும். ஒரே கோப்பின் கடைசியில் வரிசையாக எழுதிக்கொண்டே போவது வட்டுக்கு எளிது. பில்லுக்கு ஓர் இடம், இருப்புக்கு ஓர் இடம், வாடிக்கையாளர் பாக்கிக்கு ஓர் இடம் என்று தேடித் தேடி எழுதுவது சிரமம். சிரமமான வேலையைத் தரவுத்தளம் பின்னால் மொத்தமாகச் செய்யும். அப்படிச் செய்து முடித்த இடத்தைச் செக்பாயின்ட் என்று குறித்துக்கொள்ளும். மின்சாரம் போய்த் திரும்பினால், கடைசிச் செக்பாயின்டிலிருந்து லாகைப் படித்து விட்டுப்போனதை எல்லாம் ஏற்றும். அந்த லாகைத்தான் உங்கள் கட்டுரை அழிக்கச் சொல்கிறது.

இந்த மீட்பு முறையை ஒழுங்காக வகுத்தவர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அவரும் நான்கு சகாக்களும் 1992-ல் வெளியிட்ட ஆரிஸ் என்ற முறையின் சாயல், இன்று வங்கியிலும் ரயில் முன்பதிவிலும் ஓடுகிற மாதிரியான பெரிய தரவுத்தளங்கள் பலவற்றில் இருக்கிறது. (அவரைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் ஒரு பக்கம் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.) அதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சின்ன ஏற்பாடு. தரவுக் கோப்பும் பேரேடு போலப் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும்; அதன் ஒவ்வொரு பக்கத்திலும், லாகின் எந்த எண் வரையிலான மாற்றம் இதில் ஏறியிருக்கிறது என்ற குறிப்பு அந்தப் பக்கத்திலேயே இருக்கும். மீட்பு நடக்கும்போது லாக் வரியின் எண்ணையும் பக்கத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு, ஏற்கெனவே ஏறியது என்றால் தாண்டிப் போகும். பாதியில் நின்றுபோன பரிவர்த்தனைகளின் மாற்றங்களை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்போது, அப்படி நீக்கியதையும் லாகில் எழுதும். அதனால் மீட்பு பாதியில் இருக்கையில் மறுபடி மின்சாரம் போனாலும் ஒன்றும் கெடாது. மறுபடி தொடங்கும், ஏறியதை விட்டுவிட்டு ஏறாததை ஏற்றும்.

இது ஏதோ படிப்பாளிகளின் கவலை என்று நினைத்துவிட வேண்டாம். 2012-ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று சென்னைக்கு வெளியே இருந்த எவரையும் கேளுங்கள். கரூர்க் கிடங்கில் யுபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும். ஜெனரேட்டர் பிடிக்கும் இடைவெளியில் சர்வர் விழும். எழுந்து மீட்பைத் தொடங்கும். பாதியில் மறுபடி விழும். அந்தக் காலம் முழுவதும் தரவுக் கோப்பு ஒருமுறைகூடக் கெடவில்லை. கெட்டது வேறொன்று.

மைசீக்வலில் லாக் இரண்டு வகை. ஒன்று, நான் மேலே சொன்னது. அந்தச் சர்வர் தானே விழுந்து எழுவதற்கு. மற்றது பைனரி லாக். மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு அனுப்புவதற்கு. கரூர் சர்வர் ஈரோட்டின் பைனரி லாகை வாங்கித் தன்னிடம் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகத் தன் தரவில் ஏற்றும். எதுவரை ஏற்றினேன் என்பதை ரிலே-லாக்.இன்ஃபோ என்ற தனிக் கோப்பில் எழுதும். சாதாரண எழுத்துக் கோப்பு, திறந்தால் நாமே படிக்கலாம்: ஒரு லாக் கோப்பின் பெயர், கீழே ஓர் எண், அப்புறம் இன்னும் சில வரிகள்.

கோளாறு எங்கே என்றால், தரவு ஏறுவதும் இந்த எண் மாறுவதும் இரண்டு தனித்தனி வேலைகள். பில் தரவில் ஏறி உறுதியான பிறகு, எண் வட்டில் மாறுவதற்கு முன், மின்சாரம் போகிறது. சர்வர் எழுந்ததும் தரவு சரியாக இருக்கிறது. ஆனால் கோப்பில் பழைய எண். 'இந்தப் பில்லை நான் இன்னும் ஏற்றவில்லை' என்று கரூர் சர்வர் நம்புகிறது. மறுபடி ஏற்றப் பார்க்கிறது. அந்தப் பில் எண் ஏற்கெனவே இருக்கிறது. பிழை 1062, இரட்டைப் பதிவு என்று கத்திவிட்டு ரெப்ளிகேஷன் நின்றுவிடும். மைசீக்வலில் வேலை பார்த்த யாரிடமாவது 1062 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

அது கத்தினால்கூட நல்லதுதான். கத்தாத பிழை இருக்கிறது. அப்போதைய பதிப்புகளில், நாம் மாற்றி அமைக்காவிட்டால், பைனரி லாகில் மாற்றத்தின் விளைவு எழுதப்படாது, கட்டளையே எழுதப்படும். 'இந்தச் சரக்கின் இருப்பில் இருபதைக் கழி' என்ற கட்டளை இரண்டு முறை ஓடினால் எந்த விதியும் மீறப்படுவதில்லை. எந்தப் பிழையும் வராது. நாற்பது கழிந்துவிடும். ஈரோட்டுத் திரையில் அறுபது வேட்டிப் பேல், கரூர்த் திரையில் நாற்பது. கிடங்கு மேற்பார்வையாளர் திரையைப் பார்த்துச் சரக்கு இல்லை என்கிறார். வாடிக்கையாளர் போனில் முதலாளியைப் பிடிக்கிறார். கடைசியில் எல்லோரும் பேல் கட்டும் தொழிலாளிகளைத்தான் சந்தேகப்பட்டார்கள். திருட்டு நடக்கவில்லை என்று காட்ட நான் இரண்டு சர்வர்களின் இருப்புப் பட்டியலையும் அச்சடித்து வரி வரியாக ஒப்பிட வேண்டியிருந்தது.

எங்களுக்கு மென்பொருள் போட்டுக்கொடுத்தவரின் ஆள் வந்து பார்த்தார். 1062 வந்தால் தாண்டிப் போ என்று அமைப்பில் ஒரு வரி எழுதலாம். எந்தப் பிழை வந்தாலும் தாண்டிப் போ என்றும் எழுதலாம். அவர் இரண்டாவதை எழுதினார். திரை பச்சையாகிவிட்டது. 'சரியாகிவிட்டது அக்கா' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் போனதும் அந்த வரியை எடுத்துவிட்டேன். பிழையைக் கேட்காமல் இருக்கக் காதை அடைத்துக்கொள்ளும் வேலைக்கு இந்த ஊரில் சர்வீஸ் சார்ஜ் கொடுக்கிறோம்.

உண்மையான தீர்வு 2013-ல் மைசீக்வல் 5.6 பதிப்போடு வந்தது. எதுவரை ஏற்றினோம் என்ற எண்ணைத் தனிக் கோப்பில் வைக்காமல், தரவுத்தளத்துக்குள்ளேயே ஓர் அட்டவணையில் வைக்க வழி செய்தார்கள். பில் ஏறுவதும் எண் மாறுவதும் ஒரே பரிவர்த்தனை ஆகிவிட்டன. இரண்டும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அழியாத ஓர் அடையாள எண் கொடுக்கும் வசதியும் அதே பதிப்பில் வந்தது. கட்டளைக்குப் பதிலாக மாறிய பதிவையே எழுதும் முறை 5.7-ல் இயல்பானது. எண்ணை அட்டவணையில் வைப்பது, நாம் கேட்காமலேயே நடப்பது, 8.0 பதிப்பில்தான். ஆக, பழைய பதிப்பை யாரோ நிறுவிக்கொடுத்து அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகளில் இந்தக் கோளாறு இன்றும் உயிரோடு இருக்கும். தரவு இருக்கும் பக்கத்துக்குள்ளேயே எண்ணையும் எழுது என்று மோகன் 1992-ல் சொன்னது ரெப்ளிகேஷனுக்கு வந்து சேர இத்தனை காலம் பிடித்தது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

இனி லாகை அழிப்பதற்கு வருகிறேன். எங்கள் நிறுவனம் பின்னாளில் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளுக்கு மாறியது. அதில் லாக் ஒன்றே. விழுந்து எழுவதற்கும் அதுதான், இன்னொரு சர்வருக்கு அனுப்புவதற்கும் அதுதான். 16 மெகாபைட் கோப்புகளாக ஓர் அடைவில் (ஃபோல்டரில்) கிடக்கும். அந்த அடைவின் பெயரில் நெடுங்காலம் 'லாக்' என்ற சொல் இருந்தது. வட்டு நிரம்பியதும், உங்கள் கட்டுரையாளர் போலவே, இது ஏதோ பழைய குறிப்பு என்று நினைத்து உலகம் முழுவதும் ஆட்கள் அதைக் காலி செய்தார்கள். அதன்பின் தரவுத்தளம் எழவே இல்லை. பொறுத்துப் பார்த்த போஸ்ட்கிரெஸ்காரர்கள் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில் அடைவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அவர்கள் பெயரை மாற்றி எத்தனையோ ஆண்டுகளான பிறகும் நம் நாளிதழில் அதே யோசனை அச்சாகிறது.

லாக் சீக்கிரம் அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த சாட்சி கிட்லேப். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31 அன்று தளத்தின் மீது சுமை ஏறியது. இரண்டாவது சர்வர் முதல் சர்வரின் லாகைப் படித்து முடிக்க முடியாமல் பின்தங்கியது. அது படிப்பதற்குள் முதல் சர்வர் பழைய லாக் கோப்புகளை நீக்கிவிட்டது. கெட்ட எண்ணத்தில் அல்ல, எவ்வளவு வைத்திருக்கச் சொல்லியிருந்தார்களோ அவ்வளவுதான் வைத்திருந்தது. நடுவில் சில பக்கங்கள் கிழிந்த பிறகு இரண்டாவது சர்வரால் தொடர முடியாது. அதன் தரவைக் காலி செய்து முதலிலிருந்து நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் கட்டளை ஒன்றும் சொல்லாமல் நின்றது. இரண்டாவது சர்வரில் மிச்சம் கிடக்கும் தரவுதான் காரணமோ என்று எண்ணி, இரவு வேலையில் இருந்த பொறியாளர் அதை அழிக்கப் போனார். கட்டளை ஓடியது முதல் சர்வரில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் போய்விட்டது.

பேக்கப் இருந்ததே என்பீர்கள். அவர்களுடையதும் போஸ்ட்கிரெஸ்தான்; பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6, ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்கள் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டுவிட்டன. பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. வேறு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல் இருந்ததால் பிழைத்தார்கள். நிரல்கள் தப்பின, ஆனால் அந்த இடைவெளியில் உருவான சுமார் 5,000 திட்டங்களின் விவரமும், 5,000 கருத்துகளும், 700 பயனர் கணக்குகளும் போயின. லாக் கோப்புகளை வேறிடத்தில் சேமித்து வைத்திருந்தால், பழைய நகலின் மேல் அவற்றை ஏற்றி அந்த ஆறு மணி நேரத்தையும் மீட்டிருக்கலாம். இவ்வளவையும் அந்த நிறுவனமே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. மீட்பு வேலையை நேரலையில் காட்டியது. நம் ஊரில் 'சர்வர் பழுது' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகும் அலுவலகங்களுக்கு இது எட்டாத உயரம்.

'அதே நொடி வரை' என்ற வாக்குறுதிக்கும் ஒரு வார்த்தை. 2018 அக்டோபர் 21 அன்று, கிட்லேப் போலவே நிரல்களை வைத்திருக்கும் இன்னொரு தளமான கிட்ஹப்பில் பழுதான ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. முதன்மைச் சர்வர் இறந்துவிட்டது என்று முடிவு செய்த மென்பொருள் மேற்குக் கரைச் சர்வரை முதன்மை ஆக்கியது. கிழக்கில் எழுதப்பட்ட கடைசிச் சில நொடிகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இணைப்பு திரும்புவதற்குள் மேற்கிலும் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் மற்றதிடம் இல்லாத வரிகள். மிகவும் பரபரப்பான சர்வர் தொகுதி ஒன்றில் அப்படி விடுபட்டவை 954. அவசரப்பட்டு எதையும் தூக்கி எறியாமல் சீர்செய்ய அவர்களுக்கு 24 மணி 11 நிமிடம் ஆனது. பெரும்பாலான ரெப்ளிகேஷன் இப்படிக் கொஞ்சம் பின்னால்தான் ஓடும். இரண்டாவது சர்வர் 'வந்து சேர்ந்தது' என்று சொல்லும் வரை பில்லை முடிக்காமல் காத்திருக்கவும் வைக்கலாம். ஆனால் கரூர் பிராட்பேண்ட் போனால் ஈரோட்டில் பில் போட முடியாது. எங்கள் முதலாளி அதற்குச் சம்மதிக்க மாட்டார், நானும் சம்மதிக்க மாட்டேன்.

எதுவரை வந்தது என்பதைப் பார்க்க மாயமந்திரம் தேவையில்லை. போஸ்ட்கிரெஸில் முதல் சர்வரிடம் கேட்டால், இரண்டாவது சர்வரைப் பற்றி நான்கு எண்களைக் காட்டும்: எதுவரை அனுப்பினேன், எதுவரை அது எழுதியது, எதுவரை வட்டில் உறுதியானது, எதுவரை தரவில் ஏறியது. கடைசி எண் மட்டும் பின்தங்கினால் அந்தச் சர்வர் திணறுகிறது. முதல் எண்ணே பின்தங்கினால் இணைப்பைப் பாருங்கள். இரண்டாவது சர்வர் படித்து முடிக்கும் வரை லாகை அழிக்காதே என்று முதல் சர்வரிடம் சொல்லி வைக்கும் வசதி 2014-ல் 9.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் அதை வைத்துவிட்டு இரண்டாவது சர்வரை மறந்துபோனால், லாக் சேர்ந்து சேர்ந்து வட்டு நிரம்பி முதல் சர்வரே நின்றுவிடும். 13-ஆம் பதிப்பில் அதற்கும் ஓர் உச்சவரம்பு வைக்கலாம்.

ஆகவே, வட்டு நிரம்பினால் அந்த அடைவில் கை வைக்காதீர்கள். ஏன் நிரம்புகிறது என்று பாருங்கள்: எந்தச் சர்வரோ படிக்காமல் கிடக்கிறது, அல்லது லாகை வேறிடத்துக்குச் சேமிக்கும் வேலை தோற்றுக்கொண்டிருக்கிறது. காரணம் தீர்ந்ததும் தரவுத்தளம் தானே இடத்தை விடுவிக்கும். மைசீக்வல் என்றால் பைனரி லாகை நீக்க அதற்குள்ளேயே கட்டளை இருக்கிறது. மற்றச் சர்வர்கள் எதுவரை படித்தன என்று பார்த்துவிட்டு அதைக் கொடுங்கள். மென்பொருள் பராமரிக்க வருபவர் 'நகல் எல்லாம் சரியாக ஓடுகிறது' என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றச் சொல்லி, நேற்று இரவு போட்ட கடைசிப் பில்லின் எண்ணை அதில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரவுத்தள நிர்வாகி,
ஈரோடு.